செல்ஃப் மோட்டார் யார் வீட்டுப் பிள்ளை?

மலையில் ஒரு ஜீப் இறக்கம் பார்த்து நிற்கிறது, முன்சக்கரத்துக்கு ஒரு கல் அணை கொடுத்திருக்கிறார்கள் என்றால் விசாரிக்கவே வேண்டாம், அந்த வண்டியில் செல்ஃப், அதாவது சாவியைத் திருப்பினால் எஞ்சினைக் கிளப்பும் மோட்டார், எடுக்காது. கோத்தகிரிப் பக்கம் என் மாமாவின் ஜீப் பல வருடம் அப்படித்தான் நின்றது. காலையில் கல்லை எடுப்பார், இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை மிதித்தபடி இருபதடி உருளவிடுவார், சட்டென்று காலை எடுப்பார். ஒரு குலுக்கல், ஒரு கரும்புகை, வண்டி உயிரோடு இருக்கும். மேட்டுப்பாளையம் இறங்கினால்தான் சிரமம். அங்கே சரிவு கிடையாது. சாப்பிட உட்கார்ந்தாலும் வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

செல்ஃப் மோட்டார் வாங்கக் காசில்லாமல் அல்ல. மூன்று வாங்கினார். மூன்றும் சில மாதங்களில் மூக்கில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தின், அதாவது பினியனின், பல் மழுங்கியோ உடைந்தோ கழற்றப்பட்டன. கோளாறு மோட்டாரிலேயே இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஜீப் பிறந்தது பெட்ரோல் எஞ்சினோடு. நடுவில் டீசலாக மாறியது. மாற்றிய பட்டறை எஞ்சினை ஓட வைத்தது, கியர் விழ வைத்தது, செல்ஃபை மட்டும் "ஒக்காந்திருச்சு" என்று விட்டுவிட்டது. உட்காருவதும் பொருந்துவதும் வேறு வேறு.

எஞ்சின் மாற்றும் பழக்கம் இங்கே எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஹிந்திரா 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கியபோது அதில் இருந்தது 2199 சிசி பெட்ரோல் எஞ்சின். ஏற்றத்துக்குக் கெட்டிக்காரன், குடியிலும் கெட்டிக்காரன். பிறகு பெஜோ உரிமத்தில் 2112 சிசி டீசல் வந்தது. பட்டறைகளில் இன்றும் அதை 'நாலு தொண்ணூறு' என்பார்கள்: நான்கு சிலிண்டர், சிலிண்டரின் உள்விட்டம் 90 மி.மீ. இன்டர்நேஷனல் டிராக்டர் வழிவந்த 2523 சிசி டி.ஐ. எஞ்சினும் வந்தது. அம்பாசிடரிலும் இதே கதைதான். 1489 சிசி பெட்ரோல், அதே கொள்ளளவில் ஒரு டீசல், பின்னால் இசுசுவின் 1.8 பெட்ரோல், 2.0 டீசல் என்று ஒரே உடம்புக்குள் பல இதயங்கள். உருளைக்கிழங்கு மூட்டையும் பச்சைத் தேயிலையும் ஏற்றுகிறவர்கள் பெட்ரோல் வண்டியை டீசலாக்கினால் போதும், மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவையிலோ பழைய சாமான் குவியலில் இந்த எஞ்சின்களின் பாகங்கள் எல்லாம் அக்கா தங்கை போல ஒன்றாகக் கிடந்தன. அதில்தான் வினை.

செல்ஃப் மோட்டாரின் பிரச்சினை அது எந்த வீட்டுப் பிள்ளை என்பதுதான். அது எஞ்சினைச் சுழற்றுவதற்காக இருக்கிறது, ஆகவே எஞ்சினின் சொத்து என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பல வண்டிகளில் அதை முடுக்கியிருப்பது பெல் ஹவுசிங்கில், அதாவது கியர்பாக்ஸுக்கு முன்னால் கிளட்சை மூடியிருக்கும் கூட்டில். அது கியர்பாக்ஸ் பக்கத்துச் சொத்து. அதன் பல் கடிக்க வேண்டியது ரிங் கியரை. ரிங் கியர் என்பது ஒரு பல்வளையம், ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தின் விளிம்பில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. ஃப்ளைவீலோ எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் பின்முனையில் போல்ட் போட்டு நிற்கிறது. ஆக, மோட்டார் எங்கே உட்கார வேண்டும் என்பதை ஒருவர் முடிவு செய்கிறார், எதைக் கடிக்க வேண்டும் என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார். கம்பெனியிலிருந்து வரும்போது இந்த இருவரும் பேசி வைத்தவர்கள். எஞ்சினை மட்டும் மாற்றினால் ஒருவர் போய் வேற்றாள் வந்துவிடுகிறார்.

பல்லைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நீலகிரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏற்றம். இரண்டு பல்சட்டங்கள் அருகருகே ஓடும், ஒன்றின் பல் இன்னொன்றின் பள்ளத்துக்கு நேராக வரும்படி. எப்போதும் ஏதாவது ஒரு பல் முழுப் பிடியில் இருக்கும். இந்த ஆப்ட் முறையில் பல்சட்டம் ஆரம்பிக்கும் இடம் மட்டும் ஸ்பிரிங் மேல் இருக்கும். ஏனென்றால் ஓடிவரும் பல்சக்கரம் முதலில் பள்ளத்தில்தான் விழும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பல்லின் மேல் பல் ஏறினால் சட்டம் சற்று அமுங்கி வழிவிட வேண்டும். செல்ஃப் மோட்டாரின் பினியனும் சாவி திருப்பும் ஒவ்வொரு முறையும் இதே சோதனையில்தான் இறங்குகிறது. பல்லுக்கு நேராகப் பல் வந்துவிட்டால், பினியனைத் தள்ளும் மின்காந்தமான சொலினாய்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி, மோட்டார் துளி அசைந்ததும் பினியனை உள்ளே தள்ளுகிறது.

இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடிக்க முதல் நிபந்தனை, பல்லின் பருமன் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டறையில் இதை 'மாடூல்' என்பார்கள். வெளிவிட்டத்தை மி.மீட்டரில் அளந்து, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுத்தால் ஏறக்குறையக் கிடைக்கும். துல்லியமாக வராது. பினியன் பல்லைக் கொஞ்சம் திருத்தி வெட்டுவது வழக்கம். ஆனாலும் 2.1-ஆ, 2.5-ஆ, 3-ஆ என்று பிரித்துச் சொல்ல இது போதும். கால்குலேட்டர் வேண்டாதவர்கள் பினியனைக் கழற்றி ரிங் கியர் மேல் வைத்துக் கையால் உருட்டிப் பார்ப்பார்கள். ஐந்தாறு பல் தாண்டுவதற்குள் எங்காவது இடறினால் அது இந்த வீட்டுப் பெண் இல்லை.

இரண்டாவது நிபந்தனை தூரம். பருமன் ஒன்றாகவே இருக்கட்டும், எண்ணிக்கை மாறினால் என்ன ஆகும்? 2.5 மாடூலில் 10 பல் பினியனும் 120 பல் ரிங்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் மையங்களுக்கும் இடையே 162.5 மி.மீ. இருக்க வேண்டும். அதே பினியனுக்கு 125 பல் ரிங் போட்டால் 168.75 மி.மீ. வேண்டும். வெறும் ஐந்து பல் கூடியதற்கு ஆறேகால் மி.மீ. மோட்டார் வெளியே நகர வேண்டும். பெல் ஹவுசிங்கில் துளை அங்கேயே இருக்கிறது, நகராது.

அமெரிக்காவில் எஞ்சின் மாற்றுகிறவர்கள் அதிகம் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஷெவர்லே சிறிய வி-8 எஞ்சினுக்கு 153 பல், 168 பல் என்று இரண்டு ஃப்ளைவீல்கள் உண்டு. ஒன்று பன்னிரண்டே முக்கால் அங்குலம், மற்றது பதினான்கு அங்குலம். பல்லின் பருமன் இரண்டிலும் ஒன்றுதான். மையத் தூரம் மட்டும் சுமார் 16 மி.மீ. மாறுகிறது. அதற்காக மோட்டாரின் மூக்குப் பகுதியையே இரண்டு விதமாக வார்த்தார்கள். சிறியதற்கு போல்ட் துளைகள் நேர்வரிசையில், பெரியதற்கு முன்னும் பின்னுமாக. பார்த்ததும் தெரிந்துவிடும், நல்ல ஏற்பாடு. நம் ஊர் வில்லிஸ் ஜீப்பிலோ சிக்கல் வேறு. அந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் குடும்பத்திலேயே 97 பல், 124 பல், 129 பல் என்று ரிங் கியர்கள் உண்டு. 97 பல் உள்ளதில் பல்லே முரட்டுப் பல். 124-க்கான பினியனை அங்கே கொண்டுபோய் வைத்தால் மோட்டார் அழகாக உட்காரும், போல்ட் எல்லாம் விழும், சாவியைத் திருப்பினால் தகரத்தை அரைப்பது போல ஒரு சத்தம் வரும். பழைய ஜீப்புக்கு சாமான் வாங்கப் போகிறவர் பல்லை எண்ணாமல் போகக் கூடாது. சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ண ஆரம்பியுங்கள். கோடு போடாமல் எண்ணினால் மூன்று முறைக்கு மூன்று விடை வரும். எனக்கு வந்தது.

அடுத்தது பினியன் எப்படி ரிங்கை நோக்கி வருகிறது என்பது. பழைய வண்டிகளில் பெண்டிக்ஸ் வகை: மோட்டார் சுழன்றதும் மரையிட்ட தண்டின்மேல் பினியன் தன் சடத்துவத்தால் பாய்ந்து கடிக்கும், எஞ்சின் பிடித்ததும் உதைபட்டுத் திரும்பும். பிறகு வந்தது சொலினாய்டு முதலில் பினியனைத் தள்ளி, கடித்த பிறகு மோட்டாருக்குக் கரன்ட் விடும் வகை. இரண்டும் ரிங்கை அணுகும் விதமும், சில வண்டிகளில் அணுகும் பக்கமும் வேறு. ரிங் கியர் பல்லின் ஒரு ஓரத்தைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், பினியன் வழுக்கி உள்ளே நுழைவதற்காக. அந்தச் சாய்வு பினியன் வரும் பக்கம் இருக்க வேண்டும். நம் அம்பாசிடர் எஞ்சினுக்கு ஒன்றுவிட்ட சகோதரனான எம்.ஜி.பி. காரில் 1967 கடைசியில் வந்த இரண்டாம் பதிப்பு பெண்டிக்ஸை விட்டு சொலினாய்டு வகைக்கு மாறியது. ஒரே குடும்ப எஞ்சின்தானே என்று முன்னதன் ஃப்ளைவீலில் பின்னதன் மோட்டாரைப் போட்டுப் பல்லைக் கெடுத்துக்கொண்டவர்கள் அங்கே நிறைய.

சுழலும் திசையில் ஒரு பொறி இருக்கிறது. மோட்டார் எஞ்சின் பக்கமிருந்து பின்னோக்கி மூக்கை நீட்டுகிறதா, கியர்பாக்ஸ் பக்கமிருந்து முன்னோக்கி நீட்டுகிறதா என்பதைப் பொறுத்து அது சுழல வேண்டிய திசை தலைகீழாகிவிடும். பல், தூரம், போல்ட் எல்லாம் பொருந்தி, எஞ்சின் பின்பக்கமாகச் சுற்றினால் அழுவதா சிரிப்பதா? "பேட்டரி ஒயரை மாத்திக் குடுங்க, திரும்பிச் சுத்தும்" என்று ஒரு யோசனை உடனே வரும். சுருள் சுற்றிய பழைய மோட்டாரில் ஒயரை மாற்றினாலும் அதே திசையில்தான் சுற்றும், அசையாமல் நிற்கும் ஃபீல்டு சுருளும் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சுருளும் சேர்ந்து மாறிவிடுவதால். நிலைக்காந்தம் வைத்த புது மோட்டார் திரும்பும்தான், ஆனால் பினியனுக்குள் இருக்கும் ஒருவழி கிளட்ச் அந்தத் திசையில் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும்.

அந்த ஒருவழி கிளட்ச் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 120-க்கு 10 பல் என்றால் விகிதம் 12. எஞ்சினை நிமிடத்துக்கு 150 சுற்று சுழற்ற மோட்டார் 1800 சுற்று ஓடினால் போதும். எஞ்சின் பிடித்து 800-க்கு வந்தது, பினியன் இன்னும் விலகவில்லை என்றால் இப்போது எஞ்சின் மோட்டாரை 9600 சுற்றில் அடிக்கும். கிளட்ச் வழுக்கிவிடாவிட்டால் ஆர்மேச்சர் சுருள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

எஞ்சினுக்கும் வேற்று பெல் ஹவுசிங்குக்கும் இடையே அடாப்டர் தகடு வைப்பது வழக்கம். லேத் பட்டறையில் 12 மி.மீ. இரும்புத் தகட்டில் இரண்டு வகைத் துளையும் போட்டுத் தருவார்கள். இந்த ஒரு தகடு மூன்று இடத்தில் கணக்குக் கேட்கும். பெல் ஹவுசிங்கில் உட்காரும் மோட்டார் ஃப்ளைவீலிலிருந்து 12 மி.மீ. பின்வாங்கிவிடுகிறது, பினியன் ரிங்கின் ஓரத்தை மட்டும் நக்குகிறது. கியர்பாக்ஸ் தண்டின் நுனி கிராங்கில் அதைத் தாங்கி நிற்கும் பைலட் பேரிங்குக்குள் 12 மி.மீ. குறைவாக நுழைகிறது. கிளட்ச் பேரிங்கும் அதே அளவு தள்ளிப்போகிறது. தகடு போட்டவர் செல்ஃபுக்கு மட்டும் ஏதோ ஒரு வழி பண்ணிவிட்டு மற்ற இரண்டையும் மறந்தால் பைலட் பேரிங்தான் முதலில் கத்தும். தகடு மையம் தப்பாமல் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் பட்டறை கிடைத்தால் விடாதீர்கள். அமெரிக்கப் பட்டறைகளில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் ஆட்டம் கூடாது என்பார்கள். அது 0.13 மி.மீ.

ஃப்ளைவீலுக்கு வேறு உறவுகளும் உண்டு. கிராங்க் போல்ட் துளை, கிளட்ச் பிளேட்டின் அளவு, பழைய வில்லிஸில் இக்னிஷன் டைமிங் பார்க்கும் குறி, புது வண்டிகளில் சென்சார் படிக்கும் பல்வரிசை. இந்தக் கடைசி ஒன்றை மாற்றிப் போட்டால் செல்ஃப் ஜோராகச் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. கனத்தைப் பற்றி ஊருக்கு ஊர் ஒரு கருத்து. என் கட்சி கனத்தின் பக்கம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு மெதுவாகத் திரும்பும்போது எஞ்சின் அணையாமல் தாங்குவது ஃப்ளைவீலில் சேர்த்து வைத்த சுழற்சிதான்.

எஞ்சின் நன்றாக இருந்து ரிங் மட்டும் பொருந்தவில்லை என்றால் ரிங்கை மாற்றலாம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ரிங்கைச் சூடாக்கி விரியவிட்டு, குளிர்ந்த ஃப்ளைவீல் மேல் இறக்கினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். 300 மி.மீ. விட்டமுள்ள ரிங் 200 டிகிரி சூடேறினால் சுமார் 0.7 மி.மீ. விரியும், அது போதும். சிவக்கக் காய்ச்சினால் பல்லின் பதம் போய்விடும். ஒரே இடத்தில் கேஸ் கட்டர் பிடிக்காமல் சுற்றிலும் சமமாகச் சூடு கொடுக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கக் கூடாது. சாய்வு எந்தப் பக்கம் என்பதை அடுப்பில் வைப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குகள் மலையில் ஏன் இன்னும் கறாராகின்றன என்றால், இங்கே செல்ஃபுக்கு வேலை அதிகம். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைந்துவிடுகிறது, சிலிண்டர் இழுக்கும் காற்றும் அப்படியே. ஜனவரி விடியலில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது ஆயில் கூழாகியிருக்கும், பேட்டரி தன் பலத்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 60 முதல் 100 சுற்றில் பிடித்துவிடும். டீசலுக்கு அழுத்தத்தில் பிறக்கும் சூடுதான் நெருப்பு. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவருக்குள் போய்விடும். அதற்கு இன்னும் வேகமும் இன்னும் பலமும் வேண்டும். பெட்ரோல் ஜீப்பின் மோட்டாரை டீசலில் போட்டு சமவெளியில் ஓட்டியவர் மலைக்கு வந்ததும் தள்ளச் சொல்வது இதனால்தான். பழைய ஆறு வோல்ட் மோட்டாருக்குப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்து வேகம் கூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. சுற்றும், சந்தேகமில்லை. பாய்ந்து மோதும் வேகத்தில் பெண்டிக்ஸ் ஸ்பிரிங்கும் ரிங் பல்லும் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. இன்றைக்கு எஞ்சின் மாற்ற நினைக்கிறவர் முதலில் போக வேண்டியது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு, அப்புறம்தான் பட்டறைக்கு. அதே ரக எஞ்சினையே போடுவதானால் இந்தக் கட்டுரையில் உள்ள தலைவலி முக்கால்வாசி இல்லை.

சரி, மாமாவின் ஜீப். கோத்தகிரியில் ஒரு வயதான மெக்கானிக் இருந்தார், எல்லோருக்கும் அவர் பாய். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, மாமாவைச் சாவி திருப்ப வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். சுற்றும்போது சத்தம் சாதாரணம். எஞ்சின் பிடித்து சாவியை விட்டதும் ஊளையிடுவது போல ஒரு இழுவை.

"செல்ஃபுல ஒண்ணும் இல்லீங்க. ரொம்ப ஒட்டி நிக்குது, விட்டுட்டு வர முடியாம கத்துது" என்றார்.

"அப்ப தள்ளி வெச்சாப் போதுமா பாய்?"

"கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேங்க."

அவர் கேட்டது அனுபவத்தின் பாடம். பினியன் தூரமாக நின்றால் சுற்றும்போதே கீச்சென்று கத்தும். ஒட்டி நின்றால் எஞ்சின் பிடித்த பிறகு கத்தும். கடித்த நிலையில் பல்லுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஒரு ஜெம் கிளிப் கம்பி நுழையும் அளவு இடம் வேண்டும், அரை மி.மீட்டருக்கு மேல், ஒரு மி.மீட்டருக்குள்.

கழற்றியதும் எல்லாம் தெரிந்தது. மோட்டாரின் கழுத்து பெல் ஹவுசிங் துளையில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் மையத் தூரம் நிற்கும். அந்தத் துளையை யாரோ அரத்தால் உள்பக்கமாக ராவி முட்டை வடிவமாக்கியிருந்தார்கள். எஞ்சினோடு வந்த ரிங்கில் பல் குறைவு, ஹவுசிங் வேறு வண்டியுடையது, எட்டாததால் மோட்டாரை உள்ளே தள்ளியிருக்கிறார்கள், அதுவும் தேவைக்கு மேல். ரிங்கில் எதிரெதிராக இரண்டு இடத்தில் பல் கரைந்துபோயிருந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் நிற்கும், பினியனின் அடி முழுவதும் அங்கேயே விழும். செல்ஃப் சும்மா சுற்றும் சில நாட்களில் மாமா வண்டியை கியரில் போட்டு ஒரு அடி தள்ளிவிட்டுத் திரும்ப முயல்வார், எடுக்கும். ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

பாய் துளையில் புஷ் என்ற உலோக வளையத்தை அடித்துப் பழைய மையத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஹவுசிங் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதே வண்டியின் ரிங்கும் மோட்டாரும் ஜோடியாகத் தேட ஒன்றரை மாதம் ஆனது. ஃப்ளைவீல் விளிம்பை அந்த ரிங்குக்கு ஏற்ப கோவையில் லேத்தில் கடைந்து, மேலே கொண்டுவந்து காய்ச்சிப் போட்டார். கூலியைவிட பஸ் செலவு அதிகம் என்று மாமா சொன்னார். அது பொய்.